படகுக்கும் பயிருக்கும் ஒரே கண்மாய்

எங்கள் பேரூராட்சி அலுவலகத்தில் நான் பல வருடங்கள் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருந்தேன். ஊரில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தவளை ஒருநாள் செயல் அலுவலர் கூப்பிட்டு, பெரிய கண்மாய்க் கரையில் புதிதாகக் கட்டிய படகு குழாமுக்குப் பொறுப்பாளராகப் போகச் சொன்னார்.

"ஒங்களுக்கு நீச்சல் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியாது சார்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்கன்னா தண்ணியில எறங்கிருவாங்க. எனக்குக் கரையில நிக்கிற ஆளுதான் வேணும்."

அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் சிரிக்கவில்லை.

நான் பொறுப்பேற்றது ஆவணி மாதம். கண்மாயில் அப்போது தண்ணீரே கிடையாது. வெடித்துக் கிடந்த மண்ணின் மேல் நான்கு வாத்துப் படகுகளும் ஒரு மோட்டார் படகும் உட்கார்ந்திருந்தன. வாத்துகளின் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. ஒரு வாத்துக்குள்ளேயே ஓர் ஆடு ஏறிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. லைஃப் ஜாக்கெட்டுகள் மட்டும் பிரிக்காத பாலித்தீன் உறையில் பத்திரமாக இருந்தன.

யாருக்கு எது சொந்தம் என்று புரிந்துகொள்ளவே எனக்குச் சில வாரங்கள் ஆயின. தண்ணீர் ஒரு துறைக்குச் சொந்தம். கரை இன்னொரு துறைக்கு. மீன் குத்தகைக்காரருக்கு. கரையில் நின்ற புளியமரங்களை யாரோ ஏலம் எடுத்திருந்தார்கள். படகுகளும், அவை கட்டிக்கிடக்கும் சிமெண்டுப் படகுத்துறையும், பக்கத்துக் கழிப்பறையும் பேரூராட்சிக்கு. அதாவது எனக்கு.

எனக்குக் கீழே இரண்டு பேர். ஒருவர் படகோட்டி. மீமிசல் பக்கத்துக்காரர், கடலில் விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர். மகளை எங்கள் ஊரில் கட்டிக்கொடுத்ததால் இங்கே வந்துவிட்டார். கண்மாயைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு இளக்காரம் வரும்.

"கரையே கண்ணுல படாம கடல்ல கெடந்தவன் மேடம் நானு. இதெல்லாம் தண்ணியா? தாம்பாளத்துல ஊத்தி வச்ச மாதிரி இருக்கு."

அவர் அதைச் சொன்ன நாளில் தாம்பாளமும் காய்ந்துதான் கிடந்தது.

இன்னொருவர் கழிப்பறையைச் சுத்தம் செய்த அக்கா. படகு குழாமில் முதல் நாளிலிருந்தே வேலை நடந்தது அவரிடம் மட்டும்தான். விராலிமலைக்குப் போகிற வேன்கள் எங்கள் கரையில் நிற்கத் தொடங்கின. பெண்கள் இறங்கிப் போவார்கள், முகம் கழுவுவார்கள், வாத்துகளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். பேரூராட்சி வைத்த அழகான பெயர் பலகையில் இருக்க, டிரைவர்கள் எங்களை 'பாத்ரூம் கண்மாய்' என்றுதான் சொன்னார்கள். செயல் அலுவலருக்கு அது வருத்தம். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஏதோ ஒன்றுக்காவது ஆட்கள் வருகிறார்களே என்று இருந்தது.

மழை அந்த வருடம் தாமதமாக, கார்த்திகையில்தான் வந்தது. வந்தது பெய்து தீர்த்தது. ஒரே வாரத்தில் வாத்துகள் மிதந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வந்தது. படகோட்டி சட்டையை இஸ்திரி போட்டு அணிய ஆரம்பித்தார். நானும் கழுத்தில் ஒரு விசில் மாட்டிக்கொண்டு துறையில் நின்றேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் கணவர் விவசாயி. எங்கள் வயல் அதே கண்மாயின் பாசனத்தில் இருக்கிறது. மழை பிந்தியதால் நடவும் பிந்தியது. மார்கழிக் கடைசியில் மழை நின்றபோது பயிர் கதிர் வாங்கிக்கொண்டிருந்தது. மடையைத் திறந்தால்தான் வயலுக்குத் தண்ணீர். திறந்தால் வாத்துகள் தரை தட்டும். இதைக் கண்மாயில் யோசிப்பதற்கு முன்பே நாங்கள் வீட்டில் யோசிக்க வேண்டியதாயிற்று.

"ஒன் வாத்து மெதக்கணும்னு எங்க நெல்லு சாகணுமா?" என்று அவர் ஒருநாள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி கேட்டார்.

"அது என் வாத்து இல்லீங்க. கவர்மெண்ட் வாத்து."

"அப்ப கவர்மெண்ட்டு கிட்டயே கேக்குறோம்."

மறுநாள் காலையில் என் கையால் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனவர், பதினொரு மணிக்கு விவசாயிகள் சங்கத்தோடு படகுத்துறைக்கு மனு கொடுக்க வந்தார். வேட்டியை இறக்கிவிட்டு, இரண்டாவது வரிசையில், என்னை முன்பின் பார்த்திராதவர் போல நின்றார்.

"மேடம், மடையத் தெறக்கணும்," என்றார் சங்கத் தலைவர்.

"மடை எனக்குக் கீழ வரலீங்க. நான் படகுக்கு மட்டும்தான்."

"படகு வந்ததுனாலதானே தண்ணிய அடைச்சு வச்சிருக்காக? அப்ப யாருகிட்டப் போகணும்னு சொல்லுங்க, அங்கிட்டுப் போறோம்."

எனக்குத் தெரியவில்லை. அதையே சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் கணவர் மட்டும் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கால் கழுவிவிட்டு உட்கார்ந்து, "மேடம், சோறு போடுவீங்களா, இல்ல அதுக்கும் வேற ஆபீசுல கேக்கணுமா?" என்றார்.

இந்தச் சமயத்தில்தான் மாவட்டத் தலைமையிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி, பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறார் என்று போன் வந்தது. செயல் அலுவலர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த ஞாயிறு வரைக்கும் தண்ணி அப்படியே நிக்கணும்மா. ஒங்க வீட்டுக்காரரும் சங்கத்துல இருக்காராமே. கொஞ்சம் பேசிப் பாருங்க."

பிறப்புப் பதிவில் இருந்தபோது என் கணவர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. இப்போது அவர் பேரூராட்சியின் நீர் மேலாண்மையில் ஒரு பகுதி ஆகிவிட்டார். வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. ஒருவழியாக அவர் சங்கத்தைச் சம்மதிக்க வைத்தார். வியாழக்கிழமை மடையைப் பாதி திறப்பது, சனிக்கிழமை மாலை மூடிவிடுவது, பெரிய அதிகாரி படகில் போய் வந்ததும் திங்கட்கிழமை மறுபடி திறப்பது. பயிருக்கும் ஒரு நனைப்பு, படகுக்கும் ஒரு மரியாதை. தண்ணீருக்குச் சொந்தமான துறையும் தலையாட்டி, ஷட்டரைத் திருகும் சாவியோடு ஓர் ஆளை அனுப்பியது. எல்லோருக்கும் திருப்தி. எனக்கும் என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமைதான்.

சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் என் கணவர் கையெல்லாம் கிரீஸோடு வந்தார்.

"எறங்க மாட்டேங்குது," என்றார்.

"எது?"

"ஷட்டரு."

"ஏறுனப்ப நல்லாத்தானே ஏறுச்சு?"

"ஏறுனது ஏறிருச்சு. எறங்கத்தான் மாட்டேங்குது. துருப் புடிச்ச ராடு. ஒங்க ஆபீசுல பெரிய சீட்டுல ஒக்காந்தவுக மாதிரி."

அவர் பொய் சொல்கிறாரோ என்று ஒரு கணம் முகத்தைப் பார்த்தேன். பொய் இல்லை. விரல்களில் தோல் உரிந்திருந்தது.

ஞாயிறு காலையில் துறையின் படிகளில், மழைக்குப் பிறகு நான் பார்த்திராத இரண்டு படிகள் வெளியே தெரிந்தன. செயல் அலுவலர் வந்து அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "படகு ஓடுமா, ஓடாதா?" என்றார். நான் படகோட்டியைப் பார்த்தேன்.

"நான் இருக்கேன்ல மேடம்," என்றார் அவர். "கடலையே பாத்தவன்."

அதிகாரி அமைதியான மனிதர். அவருடைய மனைவி கலகலப்பானவர். இருவரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு மோட்டார் படகில் ஏறினார்கள். படகு அழகாகத் திரும்பி, நடுக்கண்மாயை நோக்கிப் போனது. செயல் அலுவலர் போட்டோ எடுத்தார். பிறகு மோட்டார் ஒரு மாதிரி முனகியது. படகு நின்றது. ஒரு காலத்தில் கருவேலமரங்கள் நின்ற மேடு அங்கே உண்டு. ஊரில் ஆடு மேய்த்த எல்லோருக்கும் அது தெரியும். கடலில் கிடையாது என்பதால் படகோட்டிக்குத் தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல சார், லேசாத் தட்டிருக்கு," என்று அவர் சொன்னது கரை வரை கேட்டது. கழியை ஊன்றித் தள்ளினார். கழி இறங்கியது, படகு நகரவில்லை.

அலுவலக உதவியாளர்கள் இருவரை ஒரு வாத்துப் படகில் ஏற்றி மீட்கச் சொன்னார் செயல் அலுவலர். அவர்கள் மும்முரமாகப் பெடல் போட்டுப் போனார்கள். மோட்டார் படகுக்குப் பத்தடி தூரத்தில் வாத்தும் நின்றுவிட்டது. இப்போது நடுக்கண்மாயில் இரண்டு. நான் விசிலை ஊதினேன். ஏன் ஊதினேன் என்று இன்றுவரை தெரியாது.

மடையில் அப்போதும் ஏழெட்டுப் பேர் ஷட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். விசில் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். தொடை அளவு தண்ணீர், முழங்கால் அளவு சேறு. முன்னால் போனவர் என் கணவர். அவருடைய கோபமெல்லாம் அந்தத் தண்ணீரைப் பற்றியது. இப்போது அதே தண்ணீருக்குள் எனக்காகப் போகிறார். அவர் சேற்றில் ஒரு காலை உருவ முடியாமல் தடுமாறியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு பொறுப்பாளர் மாதிரி நின்றேன்.

படகருகே நடந்த பேச்சைப் படகோட்டிதான் பிறகு சொன்னார். அதிகாரியின் மனைவி தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவராம்.

"நீங்கள்லாம் படகு ஆளுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லைங்கம்மா. இந்தத் தண்ணிய நம்பி வயல் வச்சிருக்கவுக."

"பயிர் எந்த நிலைல இருக்கு?"

"கதிரு பால் புடிக்கிற நேரங்க."

அந்த அம்மா தன் கணவர் பக்கம் திரும்பியிருக்கிறார். "பால் புடிக்கிற நேரத்துல தண்ணிய நிறுத்தி வச்சுட்டு, நமக்குப் படகு விடுங்கன்னு நீங்களா சொன்னீங்க?"

அதிகாரி அப்படிச் சொல்லவே இல்லை. அந்த வழியாக வருகிறேன், முடிந்தால் எட்டிப் பார்க்கிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாராம். அந்த வார்த்தைகள் ஒவ்வொரு மேசையாக இறங்கி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது ஒரு கண்மாயையே அடைத்துவிட்டன.

விவசாயிகள் படகைத் தள்ளிக் கரை சேர்த்தார்கள். அதிகாரி இறங்கி, இங்கே யார் பொறுப்பு என்று கேட்டார். செயல் அலுவலர் தாமதிக்காமல் என்னைக் காட்டினார்.

"போறதுக்கு முன்னாடி ஆழம் பாத்தீங்களாம்மா?"

"நேத்து இருந்துச்சு சார்," என்றேன்.

சேற்றோடு நின்றவர்களில் ஒருவர் பக்கென்று சிரித்துவிட்டார். என் கணவர்தான்.

"இவர் யார்?" என்றார் அதிகாரி.

"விவசாயிங்க சார்," என்றேன்.

"ஆமாங்க," என்றார் என் கணவர் பணிவாக. "மேடத்த அடிக்கடி பாப்பேன்."

அதிகாரி கோபப்படவில்லை. மடை வரை நடந்து போய் அந்தத் துருப்பிடித்த ஷட்டரைப் பார்த்தார். அவர் ஒரு மணி நேரம் அங்கே நின்றதில், பல வருட மனுக்களில் நடக்காதது நடந்தது. கோடையில் ஷட்டரை மாற்றினார்கள். படகுத்துறைக்கு முன்னால் மட்டும் ஆழமாகத் தூர் வாரினார்கள். மடை ஓடி நின்ற பிறகும் அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு படகு சுற்றி வரவாவது தண்ணீர் மிஞ்சும். வாரிய வண்டல் வயல்களுக்குப் போனது. எனக்கு மட்டும் விளக்கம் கேட்டு ஓர் ஓலை வந்தது. கண்மாயில் ஆழம் குறைந்ததற்குக் காரணம் என்ன என்று கேட்டிருந்தார்கள். தண்ணீர் வெளியே போனது என்று எழுதினேன். அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தப் போகம் நல்ல விளைச்சல். ஷட்டர் மூடாமல் அடம்பிடித்ததால், தண்ணீரே எட்டாத கடைசி வயல்களுக்கும் அந்த வருடம் தண்ணீர் போயிருந்தது. யாரும் பேரம் பேசி அதை வாங்கியிருக்க முடியாது.

அடுத்த வருடம் கண்மாய் நிறைந்தபோது கரையில் கடைகள் முளைத்தன. சங்கத் தலைவரின் மருமகள் பஜ்ஜி போட்டார். எங்கள் கொழுந்தன் சோளக்கருது சுட்டு விற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்க இடம் இருக்காது. தை மாதம் ஒரு இரவு, சாப்பிட்டுக்கொண்டே என் கணவர் சொன்னார்:

"சங்கத்துல ஒரு முடிவு பண்ணியிருக்கோம். வெள்ளிக்கெழம சாயந்தரம் மடைய அடைச்சிட்டு, திங்கக்கெழம தெறந்தாப் போதும்னு."

நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். "ஏங்க, பயிரு?"

"பயிரு ரெண்டு நாளு தாங்கும்," என்றார் அவர், ரசத்துக்குச் சோற்றைக் குழி பறித்துக்கொண்டே. "ஞாத்துக்கெழம யாவாரம் தாங்காது."