சேசிஸ் வேறு, பாடி வேறு

காலை பத்து இருபதுக்கு என் மகளின் புரோகிராம் கல்லூரி ஆய்வகத்தின் பெரிய திரையை இருட்டாக்கியது. பதினொன்றுக்குள் நான் துறைத்தலைவர் முன்னால் நின்றிருந்தேன். எதிரே நாற்காலி காலியாகத்தான் இருந்தது, உட்காரச் சொல்லவில்லை.

"ரெண்டு பேட்ச் வெளிய நிக்குதுங்க. லாரிப் பட்டறைக்காரங்க புள்ளைங்கறது சரியாத்தான் இருக்குது. ஸ்க்ரீனயும் சுத்தியல்ல தட்டிப் பாத்துட்டா."

நான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வரைபடம் போடுகிறவள். டிப்ளமோ படித்தவள். என் மகள் இறுதியாண்டு புராஜெக்டாகச் செய்திருந்ததும் அதற்கானதுதான்: லாரியின் அடிச்சட்டமான சேசிஸின் நீளத்தைக் கொடுத்தால், அதன் மேல் கட்டவேண்டிய பாடியைத் திரையில் வரைந்து காட்டும். தேர்வாளர் நான்கு மணிக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் ஓட்டிக் காட்டாவிட்டால் ஒரு வருடம் போயிற்று.

"என்னத்தப் பண்ணித் தொலைச்ச?" என்றேன் பக்கத்தில் நின்ற மகளிடம், அந்த மனிதர் முன்னாலேயே.

"புரோகிராம் ஆரம்பிச்சதும் அதுவே கிராபிக்ஸ் கார்டப் புடிச்சு ஸ்க்ரீன் அளவ மாத்துது. நம்மூட்டு மானிட்டர் ஏத்துக்குச்சு. இது ஏத்துக்கல."

"யாரு மாத்தச் சொன்னது?"

"நீதான்."

நான்தான். முதல் ரிவ்யூவில் இதே ஆய்வகத்தில் அவள் வரைந்த பாடி ஒரு பக்கம் வெட்டுப்பட்டுத் தெரிந்தது. வகுப்பே சிரிக்கும்படி இந்தத் துறைத்தலைவர் ஏதோ சொன்னார். அன்று அழுதுகொண்டு வந்தவளிடம், "அவங்க செட்டிங்க நம்பாத. எல்லாத்தையும் உன்ற புரோகிராமுக்குள்ளயே வெச்சுக்க" என்றேன். பட்டறையில் ஒருவரிடமும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். சேசிஸ் கம்பெனியிலிருந்து வருகிறது. நாங்கள் அளவு கேட்டு, அதன் மேல் பாடி கட்டுகிறோம். இஞ்சினில் கை வைப்பதில்லை.

அந்தப் பட்டறை வழக்கத்தை இப்போது அவளிடம் சொன்னபோது, "இப்பத்தான் ஞாபகம் வருதாக்கும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

வராந்தாத் தரையில் லேப்டாப்பை வைத்துப் புரோகிராமை இரண்டாகப் பிரிக்க ஆரம்பித்தாள். கார்டைத் திறப்பதும் அளவு வைப்பதும் தனிக் கோப்புக்குப் போயின. வரையும் பகுதி இனி கார்டைத் தொடாது. திரையில் வேறு யாரோ திறந்து வைத்த இடத்தின் அகலமும் உயரமும் கேட்டு, அதற்குள் கோடு போடும். கேட்க எளிது. ஆனால் பாதி வரிகள் கார்டை நேராகப் பிடித்திருந்தன. மூன்று மணியாகிவிட்டது. நான் நீட்டிய தண்ணீரை அவள் வாங்கவில்லை.

துறைத்தலைவர் எட்டிப் பார்த்தார். "முடிச்சும் பிரயோசனமில்லீங்க. ஸ்க்ரீன் இருட்டாத்தான் கெடக்குது. அதச் சரிபண்ற பாஸ்வேர்டு வெச்சிருக்கற லேப் அம்மா எக்ஸாம் டூட்டில இருக்குது."

"அவங்களுக்கு ஒரு போன் பண்ணக்கூடாதுங்களா?" என்றேன்.

"அடுத்த வருசம் பண்ணிக்கட்டும்."

இதை எழுதும்போதும் அந்தக் குரல் காதில் இருக்கிறது. நானே தேர்வுக்கூட வாசலுக்கு ஓடினேன். காவலாளி உள்ளே விடவில்லை. ஒரு சீட்டில் நடந்ததை எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

மூன்றரைக்கு லேப் அம்மா வந்தார். நின்றபடியே என் மகளின் இரண்டு கோப்புகளையும் படித்தார். பாஸ்வேர்டைத் தட்டினார், திரை வெளிச்சமானது. பிறகு துறைத்தலைவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஸ்க்ரீனத் தெறக்கறது என்ற வேலைங்க சார், தெறந்துட்டேன். இனி வரையறது இவ வேலை. நீங்க கொஞ்சம் நவுந்து நின்னீங்கன்னா, புள்ளைக்கு உக்கார எடம் கெடைக்கும்."