வலது கட்டைவிரலில் ஒரு துளை

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இது என் தம்பி மனைவிக்கு நடந்தது. வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். தட்டு உடைந்தால் யாரும் கேட்பதற்கு முன்பே "நான்தான் உடைச்சேன்" என்று ஓடி வருகிற ரகம். பொய் சொன்னால் அவளுக்கு விக்கல் வரும். இந்தச் சம்பவத்தை எனக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூட விக்கவில்லை.

சின்னவள் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. உலோகத்தையும் கார்பனையும் இணைத்துப் புதுச் சேர்மம் உண்டாக்க வேண்டும். அதைப் படிகமாக வளர்த்து, எக்ஸ்-ரே படம் பிடித்து, இன்னதுதான் என்று நிரூபிக்க வேண்டும். இந்தச் சேர்மங்கள் மகா ரோஷக்காரிகள். துளி காற்று பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் வேலையெல்லாம் க்ளவ் பாக்ஸ் என்ற கண்ணாடிப் பெட்டிக்குள். உள்ளே நைட்ரஜன் மட்டும். முன்பக்கம் இரண்டு வட்டத் துளைகள். அவற்றில் தோள்வரை வருகிற கறுப்பு ரப்பர் கையுறைகள். கையை நுழைத்தால் கையுறை பெட்டிக்குள் போகும். எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் வாயு தள்ளி, யாரையோ கட்டிக்கொள்ள வருவதுபோல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

இதை மட்டும் நினைவில் வையுங்கள். யாரும் கையை விடாதபோது அவை வெளியேதான் நிற்கும். தாமாக உள்ளே போகாது.

ஐந்து வருஷத்துக்கு முன், சின்னவள் லேபில் சேர்ந்த புதிதில், அதே பெட்டியில் வேலை செய்தவள் ஒரு சீனியர். இடக்கைக்காரி. லேபில் அவளுக்குப் பெயரே இடக்கை அக்கா. அவள்தான் முதன்முதலில் அந்தச் சிவப்புப் படிகத்தை வளர்த்தாள். எக்ஸ்-ரே படத்தில் நாலு உலோக அணுக்கள், நடுவில் ஒரே ஒரு சின்ன அணு. அது கார்பன் என்று அறிவித்தவர் புரொபசர். கார்பனாக இருந்தால் உலகமே திரும்பிப் பார்க்குமாம். "எனக்குச் சந்தேகமா இருக்கு சார்" என்று அக்கா சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு நாலு பேரை விட்டுச் சரிபார்க்கச் சொன்னார். சுத்தமாகச் செய்ய வேண்டும் என்று பழைய கையுறைகளைக் கழற்றிப் புதிது மாட்டினார்கள். ஒருவருக்கும் படிகம் வரவில்லை. பழுப்புச் சேறுதான் வந்தது. பழி அக்கா தலையில் விழுந்தது. எல்லோர் முன்னாலும் "படத்தை ஜோடிச்சியா?" என்று கேட்டார் புரொபசர். பட்டம் இல்லாமல் வீட்டுக்குப் போனாள். அங்கேயே நோயில் படுத்தாள்.

இப்போது அதே படிகம் சின்னவள் தலையில். "அது இல்லைன்னா உனக்கு தீசிஸ் இல்லை" என்று முடித்துவிட்டார். உதவித்தொகை நின்றுபோயிருந்தது. ஒவ்வொரு தடவையும் இன்னும் சுத்தமாகச் செய்தாள். கரைப்பானை இரண்டு முறை வடித்தாள். ஒவ்வொரு தடவையும் சேறுதான். மூலப்பொருள் கடைசிச் சிட்டிகைக்கு வந்துவிட்டது. இன்னொரு முறை தயாரிக்க மூன்று மாதம் ஆகும். புரொபசர் கொடுத்த கெடுவோ அந்த மாதக் கடைசி.

அன்று புரொபசருக்கு ஏதோ விருது. துறை முழுக்க விருந்துக்குப் போய்விட்டது. கடைசிச் சிட்டிகையைக் கலந்து ஆறு குப்பிகளில் ஊற்றி, பெட்டிக்குள்ளேயே வைத்து மூடினாள். கைகளை வெளியே எடுத்தாள். கையுறைகள் பொத்தென்று வெளியே பிதுங்கின. வழக்கம்போலத்தான்.

தண்ணீர்க் குழாயடியில் கை கழுவினாள். தூரத்து அரங்கிலிருந்து மைக் சத்தம். கைதட்டல். கடிகாரத்தில் ஏழு ஐம்பது.

பெட்டியின் பம்ப் சத்தம் மாறியது.

அந்த உறுமல் அவளுக்குத் தாலாட்டு மாதிரி பழக்கம். யாராவது கையை உள்ளே நுழைக்கும்போது மட்டும் ஒரு கணம் இழுத்து மூச்சு வாங்கும். இப்போது வாங்கியது.

திரும்பிப் பார்த்தாள்.

கையுறைகள் வெளியே இல்லை.

இரண்டு வட்டத் துளைகள் மட்டும் கறுப்பாகத் தெரிந்தன. கையுறைகள் பெட்டிக்கு உள்ளே இருந்தன. அழுத்தம் இறங்கிவிட்டதோ என்று முதலில் நினைத்தாள். அழுத்தமானியைப் பார்த்தாள். அழுத்தம் சரியாகவே இருந்தது. அப்படியானால் அவை வெளியேதான் நிற்க வேண்டும். உள்ளே போனாலும் தொய்ந்து கிடக்க வேண்டும்.

தொய்ந்து கிடக்கவில்லை. விரல் விரலாக நிறைந்திருந்தன.

பெட்டியின் முன்னால் இருந்த உயர ஸ்டூலில் யாரும் இல்லை. ஆனால் அதன் பஞ்சு மெத்தை அமுங்கியிருந்தது...

அப்போது போன் அடித்தது. என் தம்பி.

"எப்ப வர்ற? உன் பொண்ணு என் தலைக்கு ஜடை போட்டுட்டிருக்கா. இருக்கிற நாலு முடியும் போகுது."

"வர்றேன்..."

"கூட யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"பின்ன யாரு இப்படி இருமறது? மாத்திரை போட்டுக்கச் சொல்லு, பாவம்."

சின்னவளுக்கு எந்த இருமலும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டாள். ஓடத்தான் நினைத்தாள். ஆனால் அந்த ஆறு குப்பிகளில் அவளுடைய ஆறு வருஷம் இருந்தது.

பெட்டிக்குள் இடது கையுறை ஒரு குப்பியை எடுத்தது. மூடியைத் திருகியது. ஊசியை எடுத்தது.

இடது கையால்.

ஊசி மெதுவாகத் திரும்பியது. வலது கையுறையின் கட்டைவிரலில் குத்தியது. ஒரே குத்து.

ஆக்சிஜன் மீட்டர் அரையில் இருந்தது. ஒன்று ஆனது. ஒன்றரை. மூன்று.

பீப்... பீப்... பீப்...

காற்று உள்ளே போகிறது! கடைசிச் சிட்டிகையும் போச்சு! வாயுவை மாற்றும் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள்.

டக். டக்.

உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டியது, இடது விரல்.

சின்னவளின் கை அந்தரத்திலேயே நின்றது.

"அக்கா...?"

விரல் தட்டுவதை நிறுத்தியது. பிறகு வேலையைத் தொடர்ந்தது.

அவள் கையைத் தொங்கவிட்டாள்.

பீப்... பீப்...

மூடி திருகும் ஓசை.

மெழுகு ஃபிலிம் இழுபடும் ஓசை.

பொத்.

கையுறைகள் வெளியே வந்து நின்றன.

ஸ்டூலின் மெத்தை... மெல்ல மேலே எழும்பியது.

எட்டு முப்பத்தொன்று.

மறுநாள் காலை ஐந்து குப்பிகளில் சேறு. ஆறாவதில் சிவப்பு. மாதுளை முத்துப் போல அடியில் உட்கார்ந்திருந்தது. கழுத்தில் காற்றுப் புகாமலிருக்க மெழுகு ஃபிலிம் சுற்றியிருந்தது. சின்னவள் எப்போதும் வலப்பக்கமாகச் சுற்றுவாள். இது இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. வலது கையுறையின் கட்டைவிரலில் ஊசித் துளை.

அன்று மாலையே எக்ஸ்-ரே படம் வந்தது. இந்த முறை நடு அணுவைச் சின்னவளே வேறு விதமாகவும் சோதித்துப் பார்த்தாள். அந்தப் படத்தில் கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, அவசரத்தில் ஆள் மாறிப்போகும். நடுவில் இருந்தது ஆக்சிஜன். அக்கா காலத்துக் கையுறையில் யாருக்கும் தெரியாமல் ஒரு துளை இருந்திருக்கிறது. ஊசியை இடது கையில் பிடிக்கிறவளுக்கு வலது கட்டைவிரல்தானே குத்துப்படும்? வாயு வெளியே தள்ளினாலும் அதன் வழியே கசிந்து புகுந்த துளி காற்றில்தான் படிகம் வளர்ந்திருக்கிறது. புதுக் கையுறை மாட்டிய அன்றே வழியை அடைத்துவிட்டார்கள். சுத்தம் செய்யச் செய்ய அது விலகிப் போயிருக்கிறது.

அக்காவிடம் சொல்லலாம் என்று போன் செய்தாள். அவளுடைய அண்ணன் எடுத்தார். "நேத்தே போயிட்டாம்மா" என்றார்.

புரொபசர் அறைக்கு நேராகப் போய், படத்தைக் காட்டி ஆக்சிஜனைப் பற்றிச் சொன்னாள்.

"அருமை! அளவா ஆக்சிஜன் விட்டுப் பார்க்கச் சொன்னது நான்னு எழுதிக்கலாம்."

"அக்கா பேரு சார்?"

"பட்டமே வாங்காதவ. கடைசியில நன்றின்னு ஒரு வரி போடு."

"அவங்க இறந்துட்டாங்க சார்."

"அடடா," என்றார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி, ரெண்டு வரியா போடு."

ஊருக்கெல்லாம் வாயாடாத எங்கள் சின்னவள் அன்று வாயைத் திறந்தாள். "எவ்வளவு ஆக்சிஜன், எந்த நேரத்துல, எத்தனை நிமிஷம்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அக்கா பேரு முதல்ல வந்தா சொல்றேன். வரலைன்னா எனக்குப் பட்டமும் வேண்டாம்."

அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் இன்னொரு தடவை சேறு காட்டி அவமானப்பட அவருக்கு மனசில்லை.

கட்டுரை வந்தது. முதலில் அக்கா பெயர். பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி. ஆசிரியர் உயிரோடு இல்லை என்று அர்த்தமாம். ஐந்து வருஷமாக அவளுக்குக் கொடுக்காத மரியாதை, அந்தக் குறியோடு சேர்த்துத்தான் கிடைத்தது. சின்னவளுக்குப் பட்டமும் கிடைத்தது. அதை இன்னும் சுவரில் மாட்டவில்லை.

அச்சான பிரதியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். அண்ணன் அந்தப் பெயரை விரலால் தடவினார்.

"இருந்தப்ப போட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பா."

சின்னவள் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"கடைசி மூணு மாசம் கையே தூக்க முடியலம்மா. படுக்கைதான். ஓயாத இருமல். அன்னிக்கு சாயங்காலம் ஏழு அம்பதுக்கு அடங்கிட்டா. டாக்டர் பார்த்துட்டு முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டார்."

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்கப்புறம்தான் அவ கை ரெண்டும் எழுந்துச்சு."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இடது கையால எதையோ திருகுறா. எதையோ சுத்துறா. நரம்புதான்னு டாக்டர் சொன்னார். நானும் என் மச்சானும் அழுத்திப் பிடிச்சோம். ரெண்டு ஆம்பளையால முடியலம்மா. எட்டரை தாண்டித்தான் கை கீழே விழுந்துச்சு."

சின்னவள் எழுந்துவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, அவர் பின்னாலிருந்து கேட்டார்.

"உன்னைக் கேட்டா தெரியுமோ என்னமோ... குளிப்பாட்டும்போது பார்த்தோம். அவ வலது கட்டைவிரல்ல ஒரு ஊசிக்குத்து. ஈரமா, புதுசா. அங்க நாங்க யாரும் ஊசி போடலையே?"