கூடத்து மூலைக்கு ஒரு காரைக்கால் ஜாடி

என் கணவர் காலமாகி ஒன்றரை வருடமாகிறது. கும்பகோணத்து வீட்டுக் கூடத்தில் அவர் கட்டில் கிடந்த மூலை அன்றிலிருந்து வெறுமையாக இருந்தது. வருகிறவர்கள் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நின்றபடியே பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அனுதாபம் எனக்குப் பிடிக்காது. அங்கே பழைய மெருகிட்ட மண்ஜாடி ஒன்றை வைத்துக் கூடத்தை மீட்பதென்று தீர்மானித்து, சென்ற பங்குனியில் காரைக்காலுக்குப் புறப்பட்டேன்.

ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர். வாடகைக் காரில் ஒன்றரை மணி நேரம்; போக வர மூவாயிரம் ரூபாய். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், திருநள்ளாற்றுக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

கப்பல் வணிகம் செய்த குடும்பங்களில் இத்தகைய ஜாடிகள் இன்னும் உண்டு. தோழி சொல்லி அனுப்பிய வீட்டில் பாத்திமா அம்மாள், வீட்டை இடித்துக் கட்டுவதால், ஒன்றை விற்பதாக இருந்தார். முழங்கால் உயரம், தேன் நிறப் பூச்சு வழிந்து, அடியில் செம்மண் தெரிந்தது. விரலால் தட்டினேன். மந்தமாகக் கேட்டது.

"விரிசல் விட்டிருக்கு போலிருக்கே?"

"விரிசல் இல்லம்மா, உள்ள நார்த்தங்கா கெடக்கு. அதான் வாயத் தொறக்க மாட்டேங்குது."

"அத வேற எதுலயாவது மாத்திக்குங்க. எனக்கு ஜாடி போதும்."

"போன மாசம் போட்டதுங்க. இப்ப மாத்துனா பூத்துப் போயிடும். ஊறுகாயோட எடுத்துக்கிட்டுப் போங்க."

"கூடத்துல அலங்காரத்துக்கு வைக்கப் போறேன். அங்க ஊறுகாயா?"

"அலங்காரம் பண்ணிக்கிட்டு சும்மா நிக்கிறதுக்கு நாமளே போதும்மா. ஜாடி எதுக்கு?"

கஞ்சி போட்ட புடவையில், கைப்பையோடு, நான் அதுவரை நின்றுகொண்டுதான் இருந்தேன். உட்கார்ந்தேன். ஊறுகாயோடு நாலாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது.

ஓட்டுநர் முருகேசன் ஜாடியை முன் சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டுவிட்டார். "சத்தம் போடாத சவாரிம்மா, எனக்கும் நிம்மதி" என்றார். வரும் வழியெல்லாம் நான் வேகத்தைக் குறைக்கச் சொன்னதற்கு அந்தப் பதில்.

வீடு வந்ததும் அந்த மூலையில், ஜன்னலுக்குக் கீழே, வெறும் வெள்ளைச் சுவரையொட்டி வைத்தேன். மூன்றாம் நாள் எதிர்வீட்டுக் கமலா ஊறுகாய் கேட்டுக் கிண்ணத்தோடு வந்தாள். அந்த மூலையிலேயே தரையில் உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, "உப்பு தூக்கல்க்கா" என்றாள். போக ஒரு மணி நேரமாயிற்று.

வாங்கப் போகிறவர்களுக்கு: காலி ஜாடியை மட்டும் தட்டிப் பாருங்கள். உள்பூச்சு உதிர்ந்திருந்தால் உணவு வைக்காதீர்கள். ஒரு மூலைக்கு ஒரு ஜாடி போதும், பூவெல்லாம் செருக வேண்டாம். பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். நான் இரண்டு போட்டிருக்கிறேன்.