எழுத்து இல்லாத இடம்

நேற்று கோவில்பட்டிக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் சத்தமே வைக்காமல் செல்போனில் ஏதோ பேட்டி பார்த்துக்கொண்டு வந்தாள். பேசுகிறவர் வாயைத் திறக்க, கீழே எழுத்து தானாக ஓடியது. அவள் கையில் பிரித்த கடலைமிட்டாய் பாக்கெட். வெல்லப்பாகு வாசனையும் அந்த எழுத்தும் ஒன்றாக வந்தால் நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன்.

நான் முதன்முதலில் வேலை பார்த்த வீடியோ ஸ்டுடியோ, கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடும் இடத்துக்கு நேர் மேலே இருந்தது. கீழே பாகு காய்ச்சினால் வீட்டுக்குப் போகும்வரை என் சுடிதாரெல்லாம் அந்த வாசனைதான். கல்யாண வீடியோக்களில் மணமக்கள் பெயரை ரோஜாப்பூவுக்கு நடுவே சுழலவிடுவது என் வேலை. அதற்கே எனக்கு ஏகப்பட்ட மிதப்பு.

அப்படியிருக்கும்போதுதான் பசுவந்தனையிலிருந்து சண்முகத்தாயக்கா வந்தார். அவர் மகள் கல்யாணத்தை எங்கள் ஸ்டுடியோதான் படம் பிடித்திருந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் அக்காவுக்குக் காது போய்விட்டது. பேச்சு இருந்தது, வாசிக்கவும் தெரியும்.

"எல்லாரும் பேசுறத கீழ எழுதிக் குடு தாயி. எம்புள்ள கல்யாணத்துல யாரு என்ன பேசுனாவன்னு எனக்கும் தெரியணும்லா."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு எட்டு நாள் உட்கார்ந்தேன். மேளச் சத்தத்துக்குள்ளிருந்து ஒரு வாக்கியத்தை எடுக்க நாலு தடவை பின்னால் போகவேண்டும். பந்தியில் ஓர் இடம் வந்தது. அக்காவின் நாத்தனார், "செவிடிய நம்பி ஒரு கல்யாணமா? இவளுக்கு என்ன வெவரம் தெரியும்" என்றார். அங்கிருந்து அந்தப் பேச்சு முடியும்வரை எழுதாமல் விட்டேன். பாவம், இது எதற்கு அவருக்கு என்று நினைத்தேன். என் நல்ல மனசை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்கா வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அந்த இடம் வந்ததும் திரையில் விரலை வைத்தார்.

"இங்கன ஏன் எழுத்து இல்ல?"

இரைச்சலில் கேட்கவில்லை என்று தாளில் எழுதிக் காட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"அங்கன இருந்தவியளுக்கெல்லாம் கேட்டிருக்கும்லா. எனக்கும் எழுது. நல்லதா கெட்டதான்னு நான் பாத்துக்கிடுதேன்."

ஹெட்போனை மறுபடி மாட்டினேன். எழுதினேன். நாத்தனார் சொன்னதை வாசித்துவிட்டு அக்கா லேசாகச் சிரித்தார்.

"இது அவ வாய் அசையும்போதே தெரிஞ்சிட்டு. பொறவு?"

பிறகு பேசியது மகள். கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். அந்த வாயை அக்கா பார்த்திருக்க வழியே இல்லை. அதையும் எழுதினேன்: "அத்த, எங்கம்மாவக் கேக்காம இந்தப் பந்தியில ஒரு எல விழல. அவியளப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க."

அக்கா வாசித்தார். மறுபடி ஓடவிடச் சொன்னார். மறுபடியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இதையா தாயி மறைச்ச?"

இன்றைக்கும் வீட்டிலிருந்தபடி வீடியோக்களுக்குக் கீழே எழுதும் இந்த வேலையை வைத்துத்தான் சாப்பிடுகிறேன். ஒன்றையும் விடாமல் எழுதுவாள் என்று தேடிவந்து தருகிறார்கள். அந்தப் பெயர் சண்முகத்தாயக்கா கொடுத்தது. எத்தனை நன்றி சொன்னாலும் எனக்கு ஆறாது.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கடலைமிட்டாய்க்காரர்கள் ஊருக்கு வெளியே போய்விட்டார்கள். அக்காவின் போனிலும் மகள் பேசப்பேச எழுத்து தானே வருகிறதாம். கேட்டுச் சந்தோஷப்பட்டேன், பொய்யில்லை.

ஆனால் நேற்று அந்தப் பெண்ணின் போனில் ஓரிடத்தில் வாய் அசைந்தது, எழுத்து வரவில்லை. அவள் தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டாள். அந்த இடத்தில் விரலை வைத்து, ஏன் என்று கேட்க யாரும் இல்லை.