மூக்குக்கண்ணாடி அருங்காட்சியகத்தில் என் ஞாயிறுகள்

லிட்டில் இந்தியாவுக்குக் காய்கறி வாங்கப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்கு, கீழே கடையும் மேலே வீடுமான ஒரு பழைய கடைவீட்டு வாசலில் ஒதுங்கினேன். மாடிப்படி ஓரம் ‘மூக்குக்கண்ணாடி அருங்காட்சியகம்’ என்று எழுதியிருந்தது. மழை விடுவதாக இல்லை. ஏறிப் போனேன்.

ஒரே அறை. சுவர் முழுக்கக் கண்ணாடிகள். காதுக் கம்பி ஒடிந்து நூல் கட்டியது, ஒற்றை வில்லையோடு நிற்பது, கைக்குழந்தைக்குச் செய்தது. அவற்றைச் சேர்த்தவர் எழுபதைத் தாண்டிய தமிழ் முஸ்லிம் பெரியவர். கண்ணாடிக்கடை வைத்திருந்த காலத்தில், பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராதவர்களின் கண்ணாடிகளை எறிய மனம் வராமல் வைத்திருந்தாராம்.

“ஆளுங்க வர்றாங்களா அங்கிள்?” என்று கேட்டேன்.

“மழை பெஞ்சா வருவாங்க லா” என்றார்.

சிரித்துவிட்டேன். குறிப்பு அட்டைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழில் எழுதித் தருவதாக நானே வாயைக் கொடுத்தேன். தஞ்சோங் பகார் அலுவலகத்தில் நாளெல்லாம் மின்னஞ்சல் அடிப்பவள் நான். கையால் தமிழ் எழுதிப் பல வருடமாகியிருந்தது. புக்கிட் பாஞ்சாங் வீட்டில் சாப்பாட்டு மேசையை ஒழித்துப்போட்டு எழுதினேன். அதன்பின் ஞாயிறுகளில் அருங்காட்சியகத்திலேயே உட்காரவும் தொடங்கினேன்.

அப்படியொரு ஞாயிறு, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கட்டுமான வேலைக்கு வந்தவர் ஒருவர் ஏறி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மூக்கு அட்டையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து படித்தார்.

“எழுத்து சின்னதா இருக்கா தம்பி?” என்றேன்.

“இல்லக்கா, எனக்கு எப்பவும் இப்படித்தான்.”

பெரியவர் எழுந்தார். ‘தொடாதீர்கள்’ என்று தானே ஒட்டியிருந்த பேழையைத் திறந்து, கண் சோதிக்கும் பழைய இரும்புச் சட்டகத்தை எடுத்து அவருக்கு மாட்டினார். வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, ஜன்னலருகே நிறுத்தினார்.

“இப்ப பாருங்க தம்பி.”

வந்தவர் எதிர்க்கடைப் பலகையை வாசித்தார். அதன் கீழிருந்த தொலைபேசி எண்ணையும் வாசித்தார். அப்புறம் நிமிர்ந்து, “அந்தப் பின்னாடி கட்டடத்துல நாலாவது மாடியில காயிற கைலியில கட்டம் தெரியுது பாய்!” என்றார்.

“எத்தன வருஷமா இப்படி?” என்று கேட்டார் பெரியவர்.

“ஸ்கூல்லயே போர்டு தெரியாது. படிப்பு ஏறலன்னு வாத்தியார் சொல்லிட்டாரு. நானும் அப்படித்தான் நெனச்சிட்டேன். ஒம்பதாவதோட நின்னாச்சு.”

பெரியவர் சட்டகத்தைக் கழற்றி அதன் திருகையே திருகிக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் தம்பியின் கையைப் பிடித்து, இரண்டு தெரு தள்ளியிருந்த தன் நண்பரின் கண்ணாடிக்கடைக்கு அழைத்துப்போனார். அருங்காட்சியகத்தை என்னிடம் விட்டுப்போகிறோம் என்று சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் புதுக்கண்ணாடியோடு வந்தார் அந்தத் தம்பி. கைப்பேசியில் மனைவியை அழைத்துச் சுவர்களைக் காட்டினார். “நீங்கதான் வாத்தியார் மாதிரி இருக்கீங்க” என்று அந்தப் பெண் சிரித்தது அறை முழுக்கக் கேட்டது. அவளுக்காக ஒவ்வோர் அட்டையாக உரக்கப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ‘மறதி’க்கு வல்லின ற வரணும். நீங்க சின்ன ர போட்டிருக்கீங்க.”

போட்டுத்தான் இருந்தேன். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பேனாவை அவரிடமே நீட்டினேன்.