காடுவெட்டியில் இறங்காத அக்கா

ஆல்பம் முடிகிற நேரத்தில் எனக்கு யார் பேச்சிலும் நம்பிக்கை இருக்காது. நண்பர்களுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டினால் "சூப்பர்" என்பார்கள். அந்தச் சொல்லைப் போல என்னை ஏமாற்றியது வேறில்லை. என் முதல் ஆல்பத்தில் எல்லாப் பாட்டும் சூப்பர்தான். அப்படிச் சொன்னவர்களைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை. சரி, என் காதையாவது நம்பலாம் என்றால் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே. அதனால் இரண்டாவது ஆல்பத்திலிருந்து தீர்ப்பு சொல்லும் வேலையை ஷேர் ஆட்டோவிடம் விட்டுவிட்டேன்.

வேலை ஆவடியில், வீடு பூந்தமல்லியில். மாலையில் நான் ஏறும் ஷேர் ஆட்டோவில் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் இருக்கும். ஓட்டுநர் அண்ணன் பழக்கமானவர். என் பென் டிரைவைச் சத்தமில்லாமல் வாங்கிச் செருகிக்கொள்வார். யார் பாடியது என்று சொல்லக்கூடாது, அதுதான் எங்கள் ஒப்பந்தம். எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பவர்களின் கால்களை நான் பார்த்துக்கொண்டு வருவேன். வாய் பொய் சொல்லும். செருப்புக்குள் இருக்கும் கட்டைவிரலுக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது.

நான் பாடுவது சோல் இசை. கல்யாண ரிசப்ஷன்களில் சினிமாப் பாட்டு பாடிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் குழுவில் கீபோர்டு வாசித்தவர் ஒருநாள் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டார். அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். ஒரு வரியும் புரியவில்லை, ஆனால் என்னைப் பற்றித்தான் பாடுகிறாள் என்று தோன்றியது. அன்று பிடித்த பைத்தியம். சோல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு முன்பெல்லாம் நீளமாக விளக்கம் சொல்வேன். ஓட்டுநர் அண்ணன் முதல் தடவை கேட்டுவிட்டு, "இன்னாம்மா பாட்டு இது? அழுவுற மாரியும் கீது, ஆடுற மாரியும் கீது" என்றார். இப்போது அதையே சொல்லிக்கொள்கிறேன்.

மூன்றாவது ஆல்பத்தில் ஏழு பாட்டுகள் முடிந்துவிட்டன. எட்டாவதில்தான் சிக்கல். இறந்துபோன அம்மாவின் போன் நம்பரை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருப்பதைப் பற்றிய பாட்டு அது. அதற்கு இரண்டு பதிவுகள். ஜலதோஷத்தோடு வீட்டில் பாடியது ஒன்று. இரண்டாவது சரணத்தில் என் குரல் உடைந்துவிடும். ஸ்டுடியோவில் சுத்தமாகப் பாடியது இன்னொன்று. சுத்தமானதையே வைக்கலாம் என்றார் ஒலிப்பதிவாளர். சனிக்கிழமை காலைக்குள் முடிவு சொல்ல வேண்டும். பாட்டு ஒரு தடவை வெளியே போய்விட்டால் திரும்பி வராது.

வியாழக்கிழமை சுத்தமானதைப் போட்டோம். ஆறு கால்கள் தாளம் போட்டன, எண்ணினேன். கல்லூரிப் பெண் ஒருத்தி தலையைக்கூட ஆட்டினாள். முடிவு கிட்டத்தட்ட ஆகிவிட்டது. இருந்தாலும், உடைந்த குரலைக் கேட்டு ஜனங்கள் என்னதான் செய்வார்கள் என்கிற குறுகுறுப்பு விடவில்லை. வெள்ளிக்கிழமை அதைப் போடச் சொன்னேன்.

ஒரு கால்கூட அசையவில்லை. பருத்திப்பட்டு தாண்டியது. எதிரே மடியில் சாப்பாட்டுப் பையோடு ஓர் அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் தும்மினார். அவ்வளவுதான் வரவேற்பு. அவமானமாக இருந்தது. பாட்டு முடிந்து, அடுத்த பாட்டும் பாதி ஓடி, சென்னீர்க்குப்பம் நெருங்கும்போது அந்த அக்கா திடுக்கிட்டு எழுந்து கம்பியில் தலையை இடித்துக்கொண்டார்.

"யோவ், நிறுத்துயா! காடுவெட்டி பூட்ச்சா?"

"அது அப்பவே பூட்ச்சிக்கா. நீ சொல்லவே இல்லியே."

"எங்க சொல்றது? இன்னா எழவு பாட்டுயா போட்ட? எங்கியோ இட்டுகினு பூட்ச்சி. புள்ள டியூசன் வாசல்ல நின்னுகினு இருக்கும்!"

அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், நான் பென் டிரைவைக்கூட வாங்காமல் அந்த அக்காவின் பின்னாலேயே இறங்கிவிட்டேன். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றோம். வந்த ஆட்டோவெல்லாம் நிறைந்து வந்தது. போனில் பிள்ளையை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு அக்கா என்னைப் பார்த்தார்.

"நீயும் உட்டுட்டியா? எங்க எறங்கணும்?"

"பூந்தமல்லிக்கா."

"அது அந்தாண்ட கீது. இங்க இன்னாத்துக்கு நிக்கிற?"

ஒப்பந்தத்தை நானே மீறினேன். "அந்தப் பாட்டைப் பாடினது நான்தான்க்கா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம்புகிறாரா என்று தெரியவில்லை. "தொண்ட ஒடையுதே ஒரு எடத்துல," என்றார், "அங்கதான் எங்கம்மா ஞாபகம் வந்துச்சு." ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவருக்குப் பிள்ளை ஞாபகம் வந்துவிட்டது.

"பாடுனது நீதானே? அப்ப நீயே ஒரு ஆட்டோ புட்சிக்குடு."

நான் சாலையில் இறங்கிக் கையை நீட்டினேன்.