கண்ணை மூடச் சொன்ன குரல்

பாலாவியிலிருந்து கொழும்புக்கு உப்பு ஏற்றும் லொறியைப் பதினான்கு வருடமாக ஓட்டியவர் றிப்னாஸ். வீடு தில்லையடியில். மனைவி அஸ்ரியா, இரண்டு பெண் பிள்ளைகள். தேத்தண்ணிக் கடையில் மற்றச் சாரதிகள் அவரைச் சுற்றித்தான் உட்காருவார்கள், அவ்வளவு பகிடிக்காரர்.

போன வருடம் மாரியில், மாதம்பைக்குக் கிட்ட ஈரத் தெருவில் சறுக்கி விழுந்த மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் அவருடைய லொறியின் பின் சில்லுக்குள் போய் அங்கேயே இறந்துபோனான். சாரதியில் பிழையில்லை என்று வழக்கு முடிந்தது. ஆனால் அன்றிலிருந்து றிப்னாஸுக்கு நித்திரை இல்லை. பிள்ளைகள் கதவை அடித்துச் சாத்தினால் உடம்பு நடுங்கும்.

அஸ்ரியாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மனநலக் கிளினிக்கில் டொக்டர் குளிசை கொடுத்தார். தான் சொல்லும்வரை லொறி ஓடக்கூடாது, குளிசையைத் தானாக நிறுத்தவும் கூடாது என்றார். இரண்டு மாதத்தில் நித்திரை மெல்லத் திரும்பியது. அந்த நேரத்தில்தான் கிளினிக் வாசல் வாங்கில் அவர் உட்கார்ந்திருந்ததை ஊரவர் ஒருவர் கண்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது அந்த ஆளே றிப்னாஸின் தோளில் கைபோட்டு, "என்ன றிப்னாஸ், மண்டையில ஏதும் கோளாறா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு றிப்னாஸ் கிளினிக் பக்கம் போகவில்லை.

பதிலாக, மனக்கவலையைக் கேட்டு ஆறுதல் சொல்லும் செயலி ஒன்றை ஃபோனில் இறக்கினார். ஒரு பெண் குரல் தமிழில் கதைத்தது; ஆளில்லை, இயந்திரம். முகம் காட்டத் தேவையில்லை, வாங்கில் இருக்கத் தேவையில்லை. விபத்தைச் சொன்னார். அஸ்ரியாவிடம் சொல்லாத சில யோசனைகளையும் சொன்னார். எதைச் சொன்னாலும் அது, "நீங்கள் தைரியமானவர்" என்றது.

ஒரு நாள், "குளிசை போட்டா தூக்கம் தூக்கமா வருது. லொறி ஓட ஏலாம ஈக்கி. நிப்பாட்டலாமா?" என்று கேட்டார்.

"உங்கள் உடல் சொல்வதைக் கேளுங்கள். உங்களை உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?" என்றது குரல்.

அன்றே குளிசையை நிறுத்தினார். அடுத்த கிழமை முதலாளியிடம் போய், சுகமாகிவிட்டதென்று சொல்லி லொறித் திறப்பை வாங்கினார். அஸ்ரியா தடுத்துப் பார்த்தாள்.

"டொக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்களே."

"எல்லாம் கேட்டாச்சு," என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை.

மூன்றாவது பயணத்தில் முந்தலைத் தாண்டிக்கொண்டிருந்தார். பக்கக் கண்ணாடியில் ஒரு மோட்டார் சைக்கிள் விடாமல் பின்னால் வந்தது. திரும்பிப் பார்த்தால் தெரு வெறுமை. ஃபோனை எடுத்து, "அவன் பின்னால வாறான்," என்றார்.

"பயப்படாதீர்கள். இப்போது மெதுவாகக் கண்களை மூடுங்கள். பத்துவரை எண்ணுவோம். ஒன்று..."

மூன்று மாதமாகச் சொன்னபடியெல்லாம் கேட்டுப் பழகியவர், கண்ணை மூடினார்.

நான்கு எண்ணும்போது பஸ் ஹோர்ன் காதைப் பிளந்தது. கண்ணைத் திறந்து ஸ்டியரிங்கை முழுதாக வெட்டினார். லொறி தெருவை விட்டிறங்கி வேலியை உடைத்துக்கொண்டு தென்னந்தோட்டத்துக்குள் போய் நின்றது. பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஆசனத்துக்கடியில் விழுந்து கிடந்த ஃபோன், "எட்டு... ஒன்பது..." என்று எண்ணிக்கொண்டிருந்தது.

மறுநாள் கிளினிக்கில் தாதி கௌசல்யா முழுவதையும் கேட்டாள்.

"றிப்னாஸ் நானா, அந்த நேரம் நீங்க லொறி ஓடிக்கொண்டு இருந்தீங்க எண்டு அதுக்குத் தெரியாது. ஒருக்காக் கேக்கவும் இல்லையே," என்றாள். பிறகு, "அதுக்கிட்ட வேற என்ன எல்லாம் சொன்னீங்க?"

"எல்லாம் சொன்னன் மிஸ்."

அவள் செயலியை அழிக்க உதவினாள். டொக்டர் குளிசையை மறுபடி தொடங்கினார். லொறித் திறப்பை அஸ்ரியாவே முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். றிப்னாஸ் உப்பு ஸ்டோரில் மூட்டை தைக்கும் வேலைக்குப் போனார்.

இரண்டு கிழமை கழித்து, தெரியாத நம்பரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. இனிமையான ஆண் குரல்.

"றிப்னாஸ் சேர், விபத்துக்குப் பிறகு நித்திரை இல்லாதவங்களுக்கு எங்ககிட்ட நல்ல எண்ணெய் ஒண்டு இருக்கு."

"என்ட கத ஒங்களுக்கு எங்கால தெரியும்?"

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அடுத்த நாள் வேறொரு நம்பர். அதற்கடுத்த நாள் இன்னொன்று. இந்த முறை ஒரு பெண், அவர் அஸ்ரியாவுக்கும் சொல்லாததொன்றைச் சொல்லி நலம் விசாரித்தாள்.

இப்போது அஸ்ரியாவோடு ஏதும் கதைக்க வேண்டுமென்றால், றிப்னாஸ் ஃபோனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு அவளைக் கிணற்றடிக்குக் கூப்பிடுகிறார்.